சம்பந்தியும் சேவல் தட்டும்

அந்த நாற்காலியில உக்காராதம்மா. அது உக்காரதுக்கு இல்ல, விக்கிறதுக்கு. முதுகுல நம்பர் ஒட்டியிருக்கு பாரு. போன தடவை ஒரு வெள்ளைக்காரத் தாத்தா அசந்து உக்காந்துட்டாரு, அவரையும் சேத்தே ஏலம் கூவிட்டாங்க. இப்படி வா, எம் பக்கத்துல இடமிருக்கு. பையைக் கீழ வச்சுக்கிறேன்.

தமிழ்தானே? முகத்தை வச்சுச் சொல்லலை. அந்த ஏலக்காரன் சுத்தியலைத் தட்டுனதும் "அய்யய்யோ"ன்ன பாரு, அதுல தெரிஞ்சுபோச்சு. இங்கிலீஷ்காரி உசுரே போனாலும் "ஓ டியர்"னுட்டுத்தான் போவா.

நீ எதுக்கு வந்த? சாப்பாட்டு மேசையா? வரும், மெதுவா வரும். முதல்ல கடிகாரம், அப்புறம் மேசை நாற்காலி, கடைசியிலதான் மண்சாமான். நான் மண்சாமானுக்கு வந்தவ. ஜாடி, தட்டு, குவளை. சிரிக்காத. இதெல்லாம் ஃபேக்டரியில அச்சுல ஊத்துனது கிடையாது. ஒருத்தர் தன் பட்டறையில தானே பிசைஞ்சு, தானே சுத்தி, தானே சுட்டெடுத்தது. ஸ்டூடியோ பாட்டரின்னு பேரு. அதுலயும் ஸ்லிப்வேர்னு ஒண்ணு இருக்கு. களிமண்ணை மோரு மாதிரிக் கரைச்சு, நாம மாக்கோலம் இழுக்கிற மாதிரி தட்டு மேல இழுத்து, அப்புறம் தேன் நிறத்துல மெருகேத்துறது. பாத்தா வெல்லப்பாகு ஊத்துன மாதிரி இருக்கும். ஆனா அதுல சாப்பிட முடியாது. பழைய மெருகுல ஈயம் இருக்கும்பாக. "சாப்பிட முடியாத தட்டு, தண்ணி ஊத்த முடியாத ஜாடி"ன்னு எங்க வீட்டுக்காரவுக சொல்லிக்கிட்டே இருப்பாக. பாலம் கட்டுற இஞ்சினியரா இருந்து ரிட்டயர் ஆனவுக, தண்ணீர்மலைன்னு பேரு. மேல வண்டி போகாத எதுவும் அவுகளுக்குப் புரியாது.

என்னையப் பைத்தியம்னு நினைச்சுக்கிடாத. நான் அளவோட வச்சிருக்கேன். ஹால்ல கொஞ்சம், மாடிப்படியில ஓரமாக் கொஞ்சம், குளியல்தொட்டியில கொஞ்சம். குளிக்கிறதுக்கு வாளி இருக்கு. காரைக்குடியில வாளியில குளிச்சவுகதானே நாங்க? பிரிஸ்டலுக்கு வந்ததும் தொட்டி கேக்குதாக்கும்.

பைத்தியம்னா யாருன்னு நான் சொல்றேன். எங்க சம்பந்தியாச்சி. உமையாள்னு பேரு.

அவுக சம்பந்தி ஆகுறதுக்கு முன்னாலயே எனக்கு அவுகளைத் தெரியும். பேரு தெரியாது, ஊரு தெரியாது, கையை மட்டும் தெரியும். இதே ஹாலு. அதோ அந்தத் தூணு ஓரமா உக்காருவாக. கண்ணாடியைச் சங்கிலியில கோத்துக் கழுத்துல போட்டுக்கிட்டு, மடியில ஒரு டப்பா முறுக்கு வச்சுக்கிட்டு, மூஞ்சியில ஒரு நரம்பு அசையாது. நான் கையைத் தூக்குனா அவுக தூக்குவாக. நான் இறக்குனா, அப்பாடான்னு ஒரு முறுக்கை எடுத்துக் கடிப்பாக. அந்தச் சத்தம் இருக்கே, இத்தனை பேருக்கு நடுவுல எங் காதுல மட்டும் வந்து விழும். ஒரு தடவை கார்ன்வால் பக்கத்து ஜாடி ஒண்ணு, சாம்பல் பச்சையில, தோள்பட்டை அப்படியே மனுசத் தோள்பட்டை மாதிரி இறங்கும். அதை எங் கண்ணு முன்னாலயே தட்டிக்கிட்டுப் போனாக. நான் வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் சரியாச் சாப்பிடலை. எங்க வீட்டுக்காரவுக என்னமோ யாரோ செத்துட்டாகன்னு நினைச்சு ஊருக்கெல்லாம் போன் போட்டுக் கேட்டிருக்காக.

அப்ப எம் மக தேனம்மை, தேனுன்னு கூப்பிடுவோம், ஆஸ்பத்திரியில பிசியோதெரபி பாக்குறா. ஒரு நாள் வந்து, "ஆத்தா, ஒரு பையனைப் புடிச்சிருக்கு"ன்னா. எனக்குத் திக்குன்னுச்சு. "யாரு?"ன்னேன். "சாத்தப்பன். எங்க வார்டுல டாக்டர்"ன்னா. பேரைக் கேட்டதும் பாதி உசுரு வந்துச்சு. நம்ம ஆளுக, வேற கோயிலு, அதனால பங்காளி முறை இல்ல, கட்டிக்கலாம். லண்டன் முழுக்க வலை போட்டாலும் சிக்காத மீனு, இவ வார்டுலயே துள்ளியிருக்கு. பழனி ஆண்டவருக்குக் காசு முடிஞ்சு வச்சுட்டு, பழம் பூவெல்லாம் எடுத்துக்கிட்டு, ஸ்விண்டன்ல இருக்கிற அவுக வீட்டுக்குப் போனோம்.

கதவு தொறக்குது. சங்கிலியில கண்ணாடி! அதே தூணு ஓரத்து ஆச்சி!

முதல்ல அவுகதான் சமாளிச்சு, "வாங்க, வாங்க"ன்னாக. உள்ள போனா, கணப்படுப்பு மேல அந்தச் சாம்பல் பச்சை ஜாடி உக்காந்திருக்கு. எஞ் ஜாடி! அதுல பிளாஸ்டிக் பூவைச் செருகி வச்சிருக்காக. பொண்ணு பாக்குறது, மாப்பிள்ளை பாக்குறதுன்னு ஊருல சொல்லுவாக. நான் ஒரு மணி நேரமும் அந்த ஜாடியைத்தான் பாத்தேன். அதுல பேருக்கு ஒரு மயிரிழை விரிசல் விழுந்திருந்துச்சுன்னா கண்டுபிடிச்சிருப்பேன். மாப்பிள்ளைக்கு மீசை இருந்துச்சா இல்லையான்னு திரும்பி வரும்போது இவுக கேட்டாக. நான் என்னத்தைச் சொல்ல?

ஆம்பளைக ரெண்டு பேரும் நல்லா ஒட்டிக்கிட்டாக. அவுக வீட்டுக்காரரு வயிரவன், பல் டாக்டரு. "இந்த ஏலத்துக்குப் போனா கார் எங்க நிறுத்துறீங்க?"ன்னு ஆரம்பிச்சவுக, கிளம்புற வரைக்கும் அதையேதான் பேசுனாக. பாவம், ரெண்டு பேரும் எத்தனை வருசமாப் பெட்டி தூக்கிக்கிட்டு வெளியில நின்னாகளோ, ஒருத்தரை ஒருத்தர் தெரியாமயே.

கல்யாணத்துக்கு நாள் குறிச்சோம். ஊருல இருந்து ஜோசியர் மூணு முகூர்த்தம் எழுதி அனுப்புனாரு. நடுவுல இருக்கிறதுதான் பேஷ்னாரு. நான் பாத்தேன். அந்த நாளு டெவன் பக்கத்துல ஒரு பெரிய பங்களாச் சாமான் ஏலம். விளம்பரத்துலயே படம் போட்டிருந்தாங்க. இத்தாம் பெரிய தட்டு, தேன் நிறம், நடுவுல கருப்புப் பழுப்புல ஒரு சேவல். கொண்டையைச் சிலுப்பிக்கிட்டு, உன்னையவா என்னையவான்னு நிக்கும். நான் என்ன பண்றதுன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கும்போதே உமையாளாச்சி போன் போட்டாக. "அந்த நடு முகூர்த்தம் எனக்கென்னமோ மனசுக்கு ஒப்பலை, சந்திரன் சரியில்லை"ன்னாக. "எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு ஆச்சி"ன்னேன். ஜோசியருக்குத் தெரியாத சந்திரன் எங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுபோச்சு. வயசான பொம்பளைகளுக்கு ஒரு ஞானம் வரத்தானே செய்யும்?

ஏலத்தன்னைக்கு, "கோயிலுக்குப் போறேன்"னு சொல்லிட்டுப் போனேன். போனா, அங்கயும் ஒரு தூணு ஓரமா அவுக! அவுகளும் கோயிலுக்குத்தான் வந்திருக்காகளாம்.

எத்தனைக்குப் போச்சுன்னு கேக்காத. இவுக இன்னைக்கு வரைக்கும் கேக்கலை. கேட்டா நெஞ்சு தாங்காதுன்னு அவுகளுக்கே தெரியும். ஹாலே மூச்சைப் புடிச்சுக்கிட்டு எங்க ரெண்டு பேரையும் டென்னிஸ் பாக்குற மாதிரித் திரும்பித் திரும்பிப் பாத்துச்சு. கடைசியில எனக்குத்தான் தட்டுனாங்க. எனக்கு! உமையாளாச்சி எந்திரிச்சு வந்து, எங் கையைப் புடிச்சுக் குலுக்கி, "நல்ல வீட்டுக்குத்தான் போகுது"ன்னாக. சிரிச்சாக வேற. நான் அந்தச் சிரிப்பை நம்பிட்டேன் பாத்தியா, அங்கதான் எம் பலவீனம். மனசுல கள்ளமில்லாதவ.

மறுவாரமே சேதி வருது. நம்ம பக்கத்துல தெரியுமில்ல, கல்யாணத்துல பொண்ணு வீட்டுச் சாமானை நடு வீட்டுல பரப்பி வச்சு ஊருக்கே காட்டுவாக. வெள்ளி, பித்தளை, எவர்சில்வர், ஊறுகா ஜாடி முதக்கொண்டு. அவுக சொல்லி அனுப்புறாக: "எங்களுக்கு நகை வேணாம், வெள்ளி வேணாம், ஒண்ணுமே வேணாம். வீட்டுல சும்மா கிடக்கிற ஒரே ஒரு தட்டு வச்சாப் போதும். சேவல் போட்டது."

எப்படி இருக்கு கதை? வரதட்சணை! இந்தக் காலத்துல, இந்த ஊருல, ஒரு பல் டாக்டர் வீட்டுல! எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. நான் எம் பொண்ணைப் படிக்க வச்சதே வரதட்சணை கேக்குறவன் மூஞ்சியில கதவைச் சாத்தத்தான். "அம்பது பவுனு போடுறேன், கார் வாங்கித் தாரேன், கேக்கச் சொல்லுங்க. தட்டை மட்டும் கேக்க அவுக யாரு?"ன்னு சொல்லி அனுப்புனேன். அதோட விட்டேனா? "முறைன்னா ரெண்டு பக்கமும்தான். அவுக மருமகளுக்கு அந்தச் சாம்பல் பச்சை ஜாடியைக் குடுக்கட்டும், அப்புறம் பாக்கலாம்"னேன். அவுக, "ஜாடி எங்க குடும்பச் சொத்து"ன்னாக. போன மாசிக்கு வாங்குனது, குடும்பச் சொத்தாம்!

வார்த்தையை அங்கயும் இங்கயும் கொண்டுக்கிட்டு நடந்தது ரெண்டு ஆம்பளைகளும்தான். இவுக அங்க போன் போட்டு, "அவ கொஞ்சம் வருத்தப்படுறா"ம்பாக. அவுக இங்க போன் போட்டு, "இங்கயும் கொஞ்சம் வருத்தம்தான்"பாக. நான் "திருட்டு மொட்டைக் கழுகு"ன்னு சொன்னது, அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது "கொஞ்சம் வருத்தம்" ஆயிரும். பாலம் கட்டுனவுகளாச்சே. கல்யாண மண்டபத்துக்காரன் ரெண்டு தடவை கேட்டுப் பாத்துட்டு வேற யாருக்கோ குடுத்துட்டான்.

தேனு ஒரு நாள் சமையல்கட்டுல வந்து நின்னா. நான் தட்டைத் தொடைச்சுக்கிட்டு இருந்தேன்.

"ஆத்தா, அது ஒரு தட்டு."

"ஒரு தட்டுதான். அதனாலதான் குடுக்க முடியாது. ரெண்டு இருந்தா குடுத்திருப்பேன்ல?"

"நானும் ஒருத்திதான் ஆத்தா."

"நீ எங்கடி போயிரப் போற, ஸ்விண்டன்ல தானே இருக்கப் போற?"

"ஆத்தா, என்னைய ஒரு தடவை பாரு."

பாக்காம என்ன? பாத்துக்கிட்டேதானே தொடைச்சேன்? ஓரத்துல தூசி படிஞ்சிருந்துச்சு, அதை விட்டா அப்புறம் வெள்ளைக் கறை பாய்ஞ்சிரும். நான் நிமிந்தப்ப அவ போயிட்டா. போகும்போது வாசல்ல நின்னு, "நீயும் அவுகளுமே கட்டிக்கிடுங்க. உங்க ரெண்டு பேருக்கும்தான் பொருத்தம் பிரமாதமா இருக்கு"ன்னா. வாய்! எங்க இருந்துதான் இவளுக்கு இந்தக் கிண்டல் வந்துச்சோ. எங்க வம்சத்துலயே கிடையாது.

அப்புறம் கொஞ்ச நாள் வீடு அமைதியா இருந்துச்சு. புள்ளைக்குப் புத்தி வந்துருச்சுன்னு நான் சந்தோசப்பட்டேன். ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டுல கேட்டா, "ஆத்தா, வர்ற வியாழக்கிழமை உனக்கு வேலை இருக்கா?"

"வியாழக்கிழமை ஏலம்"னேன்.

"போகாம இருக்க முடியாதா?"

"நான் போகலைன்னா அவுக போயிருவாக."

அவ அவுக அப்பச்சியைப் பாத்தா. இவுக ரசத்தைப் பாத்தாக.

வியாழக்கிழமை இவுக நல்ல கோட்டு போட்டுக்கிட்டு நிக்கிறாக. "எங்க?"ன்னேன். "ஒரு நண்பர் வீட்டு விசேஷம்"னாக. "கழுத்துப்பட்டை கோணலா இருக்கு"ன்னு சரிபண்ணி விட்டுட்டு நான் பஸ் ஏறிட்டேன். அவுக கண்ணு கலங்கி இருந்துச்சு. மகரந்தம் ஒத்துக்கிடாது அவுகளுக்கு, வசந்த காலத்துல அப்படித்தான்.

ஏலத்துல அன்னைக்கு ஒரு குவளை. கைப்பிடி உடைஞ்சது, வாயி கோணலு. ஆனா அடியில குயவரு முத்திரை தெளிவா இருந்துச்சு. எனக்கு அந்தக் குவளை மேல ஒண்ணும் ஆசையில்ல, உண்மையைச் சொல்றேன். உமையாளாச்சி அதைக் கையில எடுத்துப் பாத்துட்டு, வேணாங்கிற மாதிரி உதட்டைப் பிதுக்கிட்டு வச்சாக. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அவுக அதுக்குத்தான் வந்திருக்காகன்னு. விடுவேனா? நானும் தூக்குறேன், அவுகளும் தூக்குறாக. நட்ட நடுவுல எம் போனு அடிக்குது. தேனு. ஏலத்துல யாராவது போன் எடுப்பாகளா, நீயே சொல்லு. நிறுத்துனேன். திரும்ப அடிச்சுச்சு. திரும்ப நிறுத்துனேன். அப்புறம் மொத்தமா அணைச்சு வச்சுட்டேன். அங்க பாத்தா அவுக போனும் மினுக்கு மினுக்குன்னு எரியுது. அவுக அதைக் கவுத்து வச்சு, அது மேல முறுக்கு டப்பாவை வச்சுட்டாக. நாகரிகம் தெரிஞ்சவுக. எதிரியா இருந்தாலும் அதை ஒத்துக்கிடணும்.

குவளை எங்க ரெண்டு பேருக்குமே கிடைக்கலை. எவனோ கம்ப்யூட்டர்ல, எந்தத் தேசத்துலயோ உக்காந்துக்கிட்டு, தட்டிக்கிட்டுப் போயிட்டான்.

வெளியில கார் நிறுத்துற இடத்துக்கு வந்து போன்ல இவுகளைக் கூப்பிட்டேன், வந்து கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லி. "முடிஞ்சிருச்சு சிகப்பி"ன்னாக. எம் பேரு சொல்லிக் கூப்பிடவே மாட்டாக, அன்னைக்குக் கூப்பிட்டாக.

"என்ன முடிஞ்சிருச்சு?"

"கல்யாணம். ரிஜிஸ்டர் ஆபீசுல. நானும் வயிரவன் அண்ணனும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். அவ உனக்காகக் கடைசி வரைக்கும் வாசலைப் பாத்துக்கிட்டே இருந்தா. பதிவாளரம்மா பாவம், அடுத்த சோடியை முதல்ல கூப்பிட்டு எங்களைத் தள்ளிக்கூட வச்சுப் பாத்தாக."

பாத்தியா சதியை! இத்தனை வருசம் நான் பேசுனா பதில் பேசாத மனுசன். வாயில கொழுக்கட்டை வச்சிருந்த மாதிரி இருந்தவுக, சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்காக! பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேணாமா? போன்ல சொல்லப் பாத்தாளாம், போன்ல! சொன்னது எனக்குக் கேட்டாத்தானே சொன்னதா அர்த்தம்?

திரும்பிப் பாத்தா, ரெண்டு கார் தள்ளி உமையாளாச்சி போனைக் காதுல வச்சபடி நிக்கிறாக. மூஞ்சி வெளுத்துப்போய்க் கிடக்கு. எங்கிட்ட வந்தாக. மண்சாமானைத் தவிர வேற எதையும் நாங்க பேசுனதே கிடையாது, முதல் தடவையா வேற பேசுனாக.

"பட்டு வேட்டி எடுத்து வச்சிருந்தேன். கட்டுனானான்னு தெரியலையே"ன்னாக.

மழை தூற ஆரம்பிச்சுச்சு. அவுக கார்ல ஏறி உக்காந்தோம். எங்கயும் போகலை. சும்மா உக்காந்திருந்தோம். அவுக முறுக்கு டப்பாவைத் தொறந்து நீட்டுனாக. ஒண்ணு எடுத்துக் கடிச்சேன். நமத்துப்போயிருந்துச்சு. இத்தனை வருசமா அந்த நமத்த முறுக்கைத்தான் அவ்வளவு சத்தமாக் கடிச்சிருக்காக! "ஓமம் தூக்கலா இருக்கு"ன்னேன். "ஆமா"ன்னாக. ரெண்டு பேரும் அழுகலை. கண்ணாடி ஆவி புடிச்சிருந்துச்சு, அவ்வளவுதான்.

அப்புறம் என்ன, பெருந்தன்மையா நான்தான் இறங்கிப் போனேன். தட்டைப் போர்வையில சுத்தி, மடியில வச்சுக்கிட்டு, புதுத் தம்பதி வீட்டுக்குப் போய், "இந்தா, உனக்குச் சீரு"ன்னு தேனு கையில குடுத்தேன். கொஞ்ச நேரம் சேவலையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் அதே போர்வையில திரும்பச் சுத்தி எங் கையில வச்சுட்டா.

"இது வேணாம் ஆத்தா. அன்னைக்கு நீ வந்திருந்தாப் போதும்."

கேட்டியா? தட்டு வேணாமாம்! இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா இவ்வளவு சண்டையும் வந்திருக்காதுல்ல? மனசுல இருக்கிறதை வாயைத் தொறந்து சொல்றதே கிடையாது இந்தக் காலத்துப் புள்ளைக.

இப்ப நானும் உமையாளாச்சியும் ஒண்ணாத்தான் வர்றோம். இன்னைக்கு அவுகளுக்குக் காய்ச்சல், அதான் தனியா வந்திருக்கேன். அவுகளுக்கும் சேத்து நானே கையைத் தூக்கணும். தட்டு ஆறு மாசம் அங்க, ஆறு மாசம் இங்க. புள்ளைக ரெண்டும் எப்பவாவது வருவாக. வந்தா நிப்பாக. உக்காரச் சொன்னா, "எங்க உக்கார?"ன்னு கேப்பாக. மாடிப்படியில இடம் ஒதுக்கித் தாரேன்னு சொல்லியிருக்கேன்.

உனக்கு எம் பொண்ணைக் காட்டலையே? இரு, போன்ல இருக்கு. அன்னைக்கு ஆபீசுல எடுத்தது, வயிரவன் அண்ணன் அனுப்புனாக. இதோ. ஆமா, லட்சணமாத்தான் இருக்கா. அவுக அப்பச்சி மூக்கு. மாப்பிள்ளைக்கு மீசை இருக்கு, பாரு. பட்டு வேட்டிதான் கட்டியிருக்காரு. அவ கட்டியிருக்கிறது எங் கல்யாணப் புடவை. எப்ப பீரோவுல இருந்து எடுத்தாளோ, எனக்குத் தெரியாது. கொசுவம் சரியா வைக்கத் தெரியலை, பாரு, இடது பக்கம் இறங்கியிருக்கு. பக்கத்துல யாராவது பொம்பளை இருந்திருந்தா இழுத்து விட்டிருப்பாக.

அதை விடு. நான் காட்ட வந்தது அது இல்ல. இங்க பாரு, பதிவாளரம்மா மேசை மேல, ஓரமா, ஒரு சின்ன ஜாடி. பேனா போட்டு வச்சிருக்காங்க. இன்னும் பெருசாக்குறேன் பாரு. அந்தக் கழுத்து, அந்த மெருகு! எனக்கென்னமோ அது லேசுப்பட்ட ஜாடியாத் தெரியலை. நேர்லயே போய்க் கேட்டுட்டேன், விக்க மாட்டாகளாம்.

அதான் இந்தப் படத்தைத் தினமும் எடுத்து எடுத்துப் பாக்குறேன். ஜாடிக்காகத்தான்.